ரூபிக்கு ஊர், ராமிரோவுக்கு வருடம், எனக்கு எவடம்

இஸ்திரி மெஷினுக்குள்ளிருந்து படுக்கை விரிப்பு சூடாக வெளியே வரும். ஒரு பக்கத்து மூலைகளை நான் பிடிப்பேன், மறுபக்கத்து மூலைகளை ரூபி பிடிப்பார். பின்னால் போய் இழுத்து, உதறி, மடித்து, முன்னால் வந்து என் மூலைகளை அவர் கையில் கொடுக்க வேண்டும். பிறகு அடுத்தது. காலையிலிருந்து பின்னேரம் வரை நெருங்குவதும் விலகுவதுமாக இருப்போம். கலியாணம் கட்டினவர்கள்கூட ஒருவர் முகத்தை ஒருவர் அவ்வளவு தரம் பார்த்திருக்க மாட்டார்கள்.

அன்றைக்கு ரூபி மூலைகளை வாங்காமல் நின்றார். விரிப்பு எங்கள் இருவருக்கும் நடுவில் தொங்கியது.

"என்ன, நித்திரை கொள்ளுறேல்லையோ? முகம் வீங்கிக் கிடக்கு."

"அம்மா வாறா," என்றேன்.

"அதுக்குச் சந்தோசமல்லோ பட வேணும்."

"சந்தோசம்தான்."

மெஷின் அடுத்த விரிப்பைத் தள்ளத் தொடங்கிவிட்டதால் கதை அதோடு நின்றது. ரூபி பேசியது இங்கிலிஷில்தான். ஆனால் அந்தக் காலத்துப் பேச்செல்லாம் எனக்கு இப்போது எங்கள் தமிழில்தான் நினைவில் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவின் ஸ்காபரோவில், ஹோட்டல்களின் அழுக்குத் துணி தோய்க்கிற அந்த லோன்றியைப் பற்றி முந்திய வாரங்களிலும் எழுதியிருக்கிறேன். அதன் வெக்கையையும் குளோரின் மணத்தையும் திரும்ப எழுதி வாசகரைக் களைக்கப்பண்ண மனமில்லை. அம்மா வரப்போகிறார் என்றதும் எனக்கு ஏன் நித்திரை போனது என்பதை மட்டும் இந்த வாரம் சொல்கிறேன். அதைச் சொல்ல ஒரு கிரீக்காரியும் ஒரு கியூபாக்காரரும் தேவைப்படுகிறார்கள்.

ஆருக்குப் பாடு கூட?

ரூபிக்கு அறுபதை நெருங்கிய வயது. கறுப்பின மனுசி. நான் முதலில் யமேக்கா என்று நினைத்தேன். "இல்லை, நான் கிரீக்" என்றார். எனக்கு விளங்கவில்லை. கிரீக் என்பவர்கள் அமெரிக்காவின் ஆதிக்குடிகளில் ஒரு மக்கள். தெற்கே ஆற்றோரங்களில் இருந்தவர்களை அரசாங்கம் கிளப்பி, நடக்கவைத்து, மேற்கே ஒக்லகோமாவில் கொண்டுபோய் விட்டது. போகும்போது ஊர் அடுப்பின் தணலையும் காவிக்கொண்டு போனார்களாம். போன இடத்தில் அந்தத் தணலில் நெருப்பு மூட்டி, பழைய ஊர்ப் பெயரையே புது ஊருக்கும் வைத்தார்களாம்.

ராமிரோ துணி வண்டில் தள்ளுகிறவர். ஹவானாவில் எஞ்சினியராக இருந்தவர். ஐரோப்பாவுக்குப் போன விமானம் எண்ணெய் அடிக்கக் கனடாவின் நியூபவுண்லாந்தில் இறங்கியபோது, கால் நீட்டுகிற சாட்டில் இறங்கித் திரும்பி ஏறாதவர்.

சாப்பாட்டு இடைவேளையில் இவர்கள் இருவருக்கும் ஒரே வழக்கு. ஆருடைய ஆக்கள் பட்ட பாடு கூட?

"எங்களுக்குப் படிப்புச் சும்மா, டொக்டர் சும்மா," என்பார் ராமிரோ. "என்ரை மகளுக்கு ஒப்பரேசன் செய்து ஒரு சதமும் வாங்கேல்லை. ஆனால் அவளைக் குளிப்பாட்டச் சவுக்காரம் இல்லை. பஸ்ஸுக்கு எண்ணெய் இல்லை. எஞ்சினியரும் சைக்கிள், டொக்டரும் சைக்கிள்."

"எங்களிட்டைச் சவுக்காரம் கிடந்தது, காணிதான் இல்லை," என்பார் ரூபி. "முதல்லை ஆளுக்கொரு காணி பிரிச்சுக் குடுத்தவை. பிறகு நிலத்துக்குக் கீழை எண்ணெய் வந்திட்டுது. பிள்ளையளின்ரை காணிக்குப் பாதுகாவலர் எண்டு ஆக்களை வைச்சாங்கள். அவங்கள் பாதுகாத்த பாதுகாப்பிலை காணி முழுக்க அவங்களின்ரை ஆச்சுது."

மூன்றாவது ஆள் நான் என்பதால் தீர்ப்பு என்னிடம் வரும். நான் யாழ்ப்பாணத்தைச் சொல்வேன். அரசாங்கம் பொருள்களுக்குத் தடை போட்டதில் சவுக்காரம் இல்லை, பற்றறி இல்லை, ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் படித்தோம், ஊர் முழுக்கச் சைக்கிள். ராமிரோ எழும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்குவார், பரீட்சையில் நான் பாஸ் பண்ணிவிட்டதுபோல.

சவுக்காரம் இல்லாமல் போனபோது எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை மட்டும் நான் சொல்வதில்லை. பக்கத்து மேசையில் அங்கிள் இருப்பார்.

மேலும் கீழும்

அங்கிள் என்றால் சொந்தமில்லை. வெக்ஸ்போர்டில் நான் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ட் அவருடைய வீட்டின் கீழ்த்தளம். லோன்றியில் எனக்கு வேலை எடுத்துத் தந்ததும் அவர்தான். ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், எழுதுவினைஞராக இருந்தவர், இங்கே ஹோட்டல் துவாய்களைக் கறை பார்த்துத் தரம்பிரித்தார். அதில் வெட்கம் இருந்தது, ஆனால் அதைப் பகிடியாக்கி வைத்திருந்தார்.

"பாத்தியே தம்பி, ஊரிலை கட்டாடி வீட்டை வந்து எடுத்துக்கொண்டு போறவன். நான் ஒரு சால்வை அலம்பினதில்லை. இஞ்சை வந்து ஊர் பேர் தெரியாதவன்ரை துவாய் தோய்க்கிறன். உதை ஊருக்கு எழுதிப்போடாதை!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கட்டாடி என்றால் ஊருக்குத் துணி வெளுத்துக் கொடுப்பவர். என் ஐயா கட்டாடி. ஐயாவின் ஐயாவும் கட்டாடி. சவுக்காரம் இல்லாமல் போனபோது எங்கள் வீட்டில் பிழைப்பே நின்றுபோனது.

ஒருநாள் நான் விரிப்பு மடிப்பதைப் பார்த்து நின்றுவிட்டு அங்கிள் சொன்னார், "உன்ரை கை நல்ல வாலாயமான கை, பழகின கை." அன்று பின்னேரம் முழுவதும் நான் வேண்டுமென்றே கோணலாக மடித்தேன். ரூபி என்னைத் திட்டியது இப்போதும் காதில் இருக்கிறது.

அங்கிளின் மனைவி அன்ரி, நல்ல மனுசி. இதை நான் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன். வெள்ளிக்கிழமைகளில் விரதச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு படியிறங்கி வருவார். விளிம்பில் நீலப்பூப் போட்ட பீங்கான் தட்டு. நான் சாப்பிட்டு, கழுவி, அதில் இரண்டு தோடம்பழமோ கொஞ்சம் முந்திரிகையோ வைத்து மேலே கொண்டுபோய்க் கொடுப்பேன். சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை, அது எங்கள் பழக்கம். அப்படி அந்தத் தட்டு கிழமைக்குக் கிழமை படியேறி இறங்கியது. தனியாக வந்து சேர்ந்த எனக்குக் கனடாவில் வீடு என்று இருந்தது அதுதான்.

தட்டோடு ஒரு கேள்வியும் வரும்.

"தம்பி, ஊரிலை நீர் எவடம்?"

யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காக எழுதுகிறேன்: எவடம் என்றால் எந்த இடம். முதலில் ஊர் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் எந்தப் பக்கம் என்று வரும். பக்கத்தைச் சொன்னால் கோயிலுக்கு முன்னாலோ பின்னாலோ. பிறகு ஆருடைய மகன். சாதி என்ற சொல் ஒரு தரமும் வாயில் வராது, ஆனால் தேத்தண்ணி ஆறுவதற்குள் விசாரணை முடிந்துவிடும். நான் ஒவ்வொரு முறையும் "டவுன் பக்கம் அன்ரி" என்று சொல்லி வேறு கதை எடுத்துவிடுவேன். என் ஊர்ப் பெயரை இங்கேயும் எழுதவில்லை. எழுதினால் இதை வாசிக்கிற சிலர் இன்றைக்கும் அடுத்த கேள்விக்குப் போவார்கள்.

நான் ஒளிக்கலாம். அம்மா ஒளிக்க மாட்டார். வந்து இறங்கிய அன்றே அன்ரி கேட்பார், அம்மா கோயில், குளம், வீடு எல்லாம் வரிசையாகச் சொல்லுவார். பிறகு அந்த வீட்டில் அம்மாவை எந்தக் கதிரையில் இருத்துவார்கள்? இருத்துவார்களோ? இதுதான் என் நித்திரையைத் தின்றது.

எந்த வருசம்?

ஒரு சாப்பாட்டு நேரம், அங்கிள் லீவில் நின்றார். வாய் விட்டுச் சொல்லாமல் சும்மா பொதுவாகக் கேட்டேன், "உங்கடை ஆக்கள் ஒருத்தரை ஒருத்தர் கண்டால் முதல் என்ன கேப்பினம்?"

ராமிரோ யோசிக்கவே இல்லை. "எந்த வருசம் வெளிக்கிட்டனி எண்டு. தொடக்கத்திலை வந்தவன் காசோடையும் படிப்போடையும் வந்த பெரிய மனுசன். நடுவிலை வள்ளத்திலை வந்தவன் காவாலி. என்னைப்போலை இப்ப வந்தவன் நேற்றுவரை கொம்யூனிஸ்ட். வருசத்தைச் சொன்னால் காணும், உன்னை எங்கை வைக்கிறதெண்டு அவைக்குத் தெரியும்."

இங்கே கடை வைத்திருந்த ஒரு பழைய கியூபாக்காரரிடம் வேலை கேட்டுப் போயிருக்கிறார். கடைக்காரர் வருசம் கேட்டாராம். இவர் சொன்னாராம். "நல்ல கோப்பி தந்தார், வேலை தரேல்லை."

ரூபி சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். கிரீக் கிழடுகள் கேட்பது "உன்ரை தாய் ஆர், எந்த ஊர்?" என்றுதானாம். அதற்கு ரூபியிடம் பதில் இருக்கிறது. ஊர்ப் பெயர் தெரியும், தாய் கிரீக் மொழி பேசியவர், புளிச்ச சோளக்கஞ்சி காய்ச்சியவர். நம்முடைய பழஞ்சோற்றுத் தண்ணி மாதிரி ஒன்று என்று விளங்கிக்கொண்டேன். ஆனால் ரூபியின் முன்னோர்கள் கிரீக்காரரிடம் அடிமைகளாக இருந்த கறுப்பர்கள். அதே நடையை, அதே தணலோடு, அவர்களின் சுமையையும் சேர்த்துச் சுமந்து நடந்தவர்கள். அடிமைத்தனம் போனபின் அவர்களையும் கிரீக் மக்கள் என்றே சேர்த்தார்கள். காணி பிரித்தபோது வெள்ளைக்கார உத்தியோகத்தர் பெயர் பதிகிற இடாப்பு இரண்டு எழுதினார், இரத்தத்தால் கிரீக்காக இருப்பவர்களுக்கு ஒன்று, அடிமையாக இருந்தவர்களுக்கு மற்றது. கனகாலம் கழித்துக் கிரீக் மக்களே சட்டத்தை மாற்றி, முதலாவது இடாப்பில் வந்தவர்கள் மட்டும்தான் எங்கள் ஆட்கள் என்றுவிட்டார்கள்.

"என்ரை தம்பிக்குக் கண் மங்குது," என்றார் ரூபி. "கிரீக் ஆக்களுக்கெண்டு ஆஸ்பத்திரி இருக்கு. அவன்ரை வாசலிலை நிண்டால் அந்தக் கூரை தெரியும். போனான். இப்ப அவை ஊர் கேக்கிறேல்லை, எந்த இடாப்பு எண்டு கேக்கினம். திருப்பி அனுப்பிப்போட்டினம்."

"பிறகும் ஏன் நீங்கள் கிரீக் எண்டு சொல்லுறியள்?" என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. எங்களைத் தள்ளி வைத்தவர்களின் பெயரை நான் சொல்ல விரும்புவேனா?

"வேறை என்னெண்டு சொல்லுறது?" என்றார். "கேக்கிறவை பிழையாய்க் கேக்கினம் எண்டதுக்காக நான் என்ரை தாயை மாத்த ஏலுமோ?"

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது, ரூபியின் மேல். பெரிய மெஷின் சத்தத்துக்குள் திரும்பிப் போய், பின்னேரம் முழுவதும் அந்தச் சொல்லோடு மடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவை நான் மாற்றத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "வந்தவுடனை டவுன் பக்கம் எண்டு சொல்லுங்கோ அம்மா" என்று ரெலிபோனில் சொல்லிக் கொடுக்கக்கூட நினைத்திருந்தேன்.

உடுப்புத் தோய்க்கிற நேரம்

அந்த வீட்டில் வோஷிங் மெஷின் பேஸ்மென்டில்தான் இருந்தது. சனிக்கிழமை அன்ரி கூடையோடு வந்தார்.

"தம்பி, அம்மா வந்தால் பகலிலை மேலை எங்களோடை இருக்கட்டும். நீர் வேலைக்குப் போனால் அந்த மனுசி தனியக் கிடந்து என்ன செய்யிறது? எனக்கும் கதைக்க ஒரு ஆள். அதுசரி, நீர் இன்னும் எவடமெண்டு சொல்லேல்லையே."

சொன்னேன். ஊர், கோயிலுக்கு வடக்கு, குளத்தடி. அன்ரியின் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஒரு வயல்வெளிதான்.

"குளத்தடியிலையோ? அங்கை ஆற்றை...?"

"கட்டாடி கந்தையற்றை மோன், அன்ரி."

அன்ரி நனைந்த சேர்ட்டை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடைக்குள் போட்டார். எல்லாம் எடுத்து முடித்தபின் உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்த்தார்.

"அதுக்கென்ன தம்பி," என்றார். "இப்ப ஆர் உதெல்லாம் பாக்கினம். கனடாவிலை."

"ஓம் அன்ரி."

எனக்கு அழுகை வந்தது, நிம்மதியில். இரண்டு வருசத்துப் பாரம் ஒரு வோஷிங் மெஷினுக்கு முன்னால் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். அன்று இரவு நல்ல நித்திரை.

வெள்ளிக்கிழமை சாப்பாடு வந்தது. பயற்றம்பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, அப்பளம், எல்லாம் முந்தியதைவிடக் கூட. அன்ரி சிரித்துக்கொண்டுதான் தந்தார். தட்டு மட்டும் கடதாசித் தட்டு.

"கழுவிற கரைச்சல் உமக்கு வேண்டாம் தம்பி. சாப்பிட்டிட்டு எறியும்."

தோடம்பழம் வாங்கி வைத்திருந்தேன். அதை நானே உரித்துச் சாப்பிட்டேன். ஊரில் எங்களுக்குச் சிரட்டையில் தேத்தண்ணி தந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தருவார்கள், அது சுகம், திருப்பி வெறுக்கலாம். இது சிரித்துக்கொண்டு வந்தது. அன்ரியை வெறுக்க எனக்கு முடியவில்லை, அதுதான் என்னைக் களைக்கப்பண்ணியது. பகலில் மேலே வந்து அம்மா இருக்கட்டும் என்ற கதையை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை.

அம்மாவின் குட்டான்

அம்மா கொழும்பிலிருந்து ஒரு பையோடு வந்தார். பை நிறையப் பனங்கட்டிக் குட்டான். பனங்கட்டி என்றால் பனைவெல்லம்; அதை ஊற்றி, ஓலையால் கட்டிய சின்னக் கூடைகள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த யாரோ கொழும்புக்குக் கொண்டுவந்து கொடுத்ததாம்.

முதல் வெள்ளிக்கிழமை கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். மேல் படியில் இரண்டு கடதாசித் தட்டுகள், மேலே இன்னொன்றால் மூடி. அன்ரி உள்ளே போய்விட்டார்.

அம்மா தட்டைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தார். அவருக்கு ஆரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை.

"சொல்லிப்போட்டியோ?"

"ஓம்."

"நல்லது," என்றார். "சாப்பிடு, ஆறப்போகுது."

ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பால்கறியை மெச்சினார். பிறகு ஈரத்துணியால் அந்தக் கடதாசித் தட்டைத் துடைத்து, அதில் ஒரு குட்டானை வைத்துக்கொண்டு எழும்பினார்.

"அம்மா, உது திருப்பிக் குடுக்கிற தட்டில்லை. எறியிறது."

"சாப்பாடு வந்த தட்டல்லோ."

படியேறிப் போனார். கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "ஐயோ, உதையேன் கொண்டு வந்தனீங்கள்" என்று அன்ரியின் குரல். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அம்மா மூச்சு வாங்க இறங்கி வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"ரெண்டு கையாலையும் வாங்கினவ. நல்ல மனுசி. நீதான் என்னத்தையோ நினைச்சுப் பயந்துபோனாய்."

குப்பையைத் தெருவோரம் கொண்டுபோய் வைப்பது வாடகைக்கு இருக்கிற என் வேலை. அடுத்த நாள் காலையில் பெரிய பைக்கு மேலே சின்னதாக ஒரு பிளாஸ்ரிக் பை, தனியாக, இறுக்கி முடிந்தபடி இருந்தது. வெளியிலிருந்தே ஓலை தெரிந்தது. அவிழ்த்தேன். கடதாசித் தட்டும் குட்டானும். ஓலைக்கட்டுக் குலையவில்லை.

அம்மா ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குட்டானை ஜக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு கையைக் காட்டினேன். அம்மா கண்ணை மூடும்வரை அவரிடம் அதைச் சொல்லவில்லை. இன்றைக்கு அவர் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

சில வாரங்களில் நாங்கள் வேறு அப்பார்ட்மென்ட் பார்த்துப் போய்விட்டோம். அதைப் பெரிய வீரமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

குப்பையிலிருந்து எடுத்த அந்தக் குட்டானை அடுத்த திங்கட்கிழமையே சாப்பாட்டு நேரம் லோன்றி மேசையில் வைத்து உடைத்தேன். ராமிரோ சீனி நாட்டுக்காரர், நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "ஹவானாவிலை இது கிடைச்சால் மனிசர் சண்டை பிடிப்பினம்." ரூபி ஓலையைக் கையில் எடுத்து அது கட்டப்பட்ட விதத்தைப் பார்த்தார்.

"ஆர் தந்தது?"

"அம்மா."

"அம்மா எந்த ஊர்?"

சொன்னேன். ஊர்ப்பெயரை முழுதாக, குளத்தடியும் சேர்த்து. ரூபி அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், இரண்டாவது தடவை ஓரளவு சரியாக வந்தது.

நான் சொன்னது பக்கத்து மேசைக்கும் கேட்டிருக்கும். அன்ரி வீட்டில் விசயம் தெரிந்தபிறகு அங்கிள் எங்கள் பக்கம் வருவதில்லை, பத்திரிகையை விரித்துக்கொண்டு இருப்பார். ஆனால் பனங்கட்டி மணம் பிடித்திருக்க வேண்டும். மெதுவாக எழும்பி வந்தார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். முகம் முழுக்க மாறிவிட்டது.

"இது எங்கடை பக்கத்துப் பனங்கட்டியல்லோ! எத்தினை வருசம்!" இன்னொரு துண்டை எடுத்தார். "எவடத்துக் குட்டான் தம்பி?"

இரண்டு வருசமாக நான் ஒளித்துத் திரிந்த கேள்வி. இந்த முறை யோசிக்கவில்லை.

"உங்கடை வீட்டிலை இருந்துதான் எடுத்தனான், அங்கிள்."

அவர் விளங்காமல் தலையாட்டிக்கொண்டு, மூன்றாவது துண்டுக்குக் கையை நீட்டினார்.